மழைக்கு மட்டும் ஒலிக்காத மணி

பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்த ஷாஹ்மிக்குப் பயம் என்பது மற்றவர்களுக்குப் பசி எடுப்பதுபோல. வேளாவேளைக்கு வரும். நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டால் பயம். நிக்காஹ் பதிவில் ஒப்பமிடும்போது பேனை வெடித்துவிடுமோ என்று பயந்து மாமனாரின் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று மனைவி ஹம்ஸியா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. வேறு யாராவது ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னான், ஒளியவெல்லாம் இல்லை.

அவனுடைய பயங்களிலேயே பெரிய பயம், கண்ணாடி உடைந்த ஒரு போனுக்குள்ளிருந்து வந்தது. பூனாகலைக்கு மேலே குருவிமலை டிவிசனிலிருந்து யேசுரத்தினம் அந்தப் போனைக் கொண்டுவந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கண்ணாடியை மாற்றிவிட்டு, படங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று தட்டிப் பார்த்தபோது கடைசிப் படத்தில் மண்ணில் ஒரு வெடிப்பு இருந்தது. அளவு காட்டுவதற்காக வைத்த செருப்பு, பாதி உள்ளே போயிருந்தது.

"இது எங்க, அண்ணன்?"

"எங்க லயத்துக்கு மேல தம்பி. பன்னெண்டு காம்பரா இருக்கு. ஆபீசர்மாரு வந்து பாத்துட்டு, புது வீடு தாறோம்னு எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கன்னு மலைகிட்ட யாரு போயிச் சொல்றது?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஷாஹ்மிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆப் எழுத உட்கார்ந்தான்.

வேலை இவ்வளவுதான். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பக்கவாட்டில், தேயிலைக்குள் ஒரு மழைமானிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சிம். ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுந்தால் பெட்டி சேர்வருக்குச் சொல்லும். சேர்வர் பன்னிரண்டு காம்பராவின், அறைக்கு ஒன்றாக, பன்னிரண்டு போன்களுக்கும் நோட்டிபிகேஷன் அனுப்பும். போன் அலறும். அலறியதும் எல்லாரும் எழும்பி எதிர்மேட்டுப் பாடசாலைக்கு நடக்க வேண்டும். மலைமணி என்று ஆப்புக்குப் பெயர் வைத்தான். அலறுகிற சத்தத்தை அறுபது சத்தங்களுக்குள்ளிருந்து ஹம்ஸியா தேர்ந்தெடுத்தாள். ஆட்டுக்குட்டி மைக்கை விழுங்கிவிட்டுக் கத்துவதுபோல இருந்தது. அதைக் கேட்டு முதலில் நாற்காலியிலிருந்து விழுந்தவன் ஷாஹ்மிதான்.

நல்ல வெயில் நாளில் கடையிலிருந்து பட்டனை அழுத்திச் சோதித்தான். குருவிமலையில் பன்னிரண்டும் அலறின. யேசுரத்தினத்தின் மனைவி ஜெபமலரின் போன் கொழுந்துச் சாக்குக்குள்ளிருந்து அலறியதில், பக்கத்தில் நின்ற கங்காணி சவுக்கு மரத்தில் ஏறிவிட்டார் என்றும், அவரை இறக்க ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது என்றும் செய்தி வந்தது. ஷாஹ்மிக்கு அப்படியொரு சந்தோஷம்.

இனி ஆப்களை வைத்துக் கொடுக்கும் இணையக் கடையில் ஏற்ற வேண்டியதுதான் மிச்சம். சோதனைப் பதிப்புக்கு ஆயுள் கொஞ்சம். கடை ஏற்றுக்கொண்டால்தான் ஆப் போனில் நிலைக்கும். கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. புதிதாக ஆப் செய்கிறவன், பன்னிரண்டு பேரைப் பதினான்கு நாள் விடாமல் அதைப் பாவிக்க வைத்துக் காட்ட வேண்டும். காம்பராவும் பன்னிரண்டு. இதைவிட அல்லாஹ் எப்படி எடுத்துச் சொல்வான் என்று ஷாஹ்மி விண்ணப்பத்தை அனுப்பினான்.

பதினாறாம் நாள் பதில் வந்தது. மழை பெய்யும்போது எச்சரிக்கை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனைக் காலத்தில் அப்படி ஒன்று வந்ததற்கு அடையாளம் இல்லை. திருத்திவிட்டு மறுபடி அனுப்பவும்.

சேர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். ஐப்பசி மழை இரண்டு பின்னேரம் நன்றாகப் பெய்திருந்தது. பெட்டியும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது. இரண்டு நாளும் ஒரே வரி. அனுப்பியது பன்னிரண்டு. சேர்ந்தது பூச்சியம்.

ஷாஹ்மியின் முதுகில் ஒரு எறும்பு ஊர்ந்தது. தட்டிப் பார்த்தான், எறும்பு இல்லை. அந்த இரண்டு பின்னேரமும் வெடிப்பு வாய் திறந்திருந்தால், நாற்பது ஐம்பது பேர் அவனுடைய மணியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அவன் பிடிக்காத பிழை இல்லை. சேர்வரின் சாவிக்கோப்பைப் பழையதோ என்று மாற்றினான். சோதனைப் பதிப்புக்கு ஒரு பெயரும் கடைக்கு அனுப்பிய பதிப்புக்கு வேறொரு பெயரும் பதிந்திருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டான். செய்தி சாதாரண அவசரத்தில் போனால் தூங்குகிற போனை அது எழுப்பாது என்று எங்கோ வாசித்து, எல்லாவற்றையும் உச்ச அவசரத்துக்கு ஏற்றினான். பெட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகச் சில போன்கள் ஆப்பைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டு போனிலும் அந்தத் தாலாட்டை நிறுத்திவிட்டு வந்தான். புதுப் பதிப்பைக் கடைக்கு அனுப்பி, பதினான்கு நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

ஐந்தாம் நாள் மழை. பன்னிரண்டு, பூச்சியம்.

ஆறாம் நாள் வெயிலில் யேசுரத்தினத்திடம் சொல்லி, ஒரு கேத்தல் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றச் சொன்னான். பன்னிரண்டும் அலறின. கங்காணி மறுபடி மரத்தில்.

"அப்ப தண்ணிக்கு வேல செய்யுது, மழைக்கு வேல செய்யல்ல," என்றாள் ஹம்ஸியா, கருவாட்டைக் கழுவிக்கொண்டே. "மழையில தண்ணி இல்லியா?"

"டவர் விழுகுது போல. மழையில சிக்னல் இல்லாமப் போகுது."

"பெட்டிக்குள்ள ஈக்கிற சிம் எந்த டவரு?"

"அதே டவருதான்."

"மழையில பெட்டி உங்களுக்குச் சேதி செல்லுதா இல்லியா?"

"செல்லுது."

"அப்ப டவர் நிண்டுக்கிட்டுத்தான் ஈக்குது. நீங்கதான் விழுந்து கெடக்கிறீங்க."

அவள் சொன்னது சரி. அதனால்தான் பயம் கூடியது. பதிவேட்டை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தபோது அதைவிட மோசமான ஒன்று இருந்தது. சேராத எச்சரிக்கைகள் பிறகு சேர்ந்திருந்தன. மழை விட்டுக் கால் மணி நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டும். யாரோ லயத்து வாசலில் உட்கார்ந்து, மழை பெய்யும்வரை செய்திகளைக் கையில் பிடித்து வைத்திருந்துவிட்டு, விட்டதும் காம்பரா காம்பராவாகக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. ஷாஹ்மி கணினியை மூடினான். ஆயத்துல் குர்ஸியை ஓதி நெஞ்சில் ஊதினான். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கணினியின் மீதும் ஊதினான்.

"நேர்ல போயி இருந்து பாருங்க," என்றாள் ஹம்ஸியா. "மழ பேயிறப்போ."

"மழ பேயிறப்போ அங்க போற பயத்திலதானே இந்த ஆப்பையே செஞ்சேன்!"

"அப்ப அவங்க மட்டும் இருக்கணுமா?"

இனி பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் இடியுடன் மழை என்று வானொலி சொல்லியிருந்தது. ஷாஹ்மி இரண்டரைக்கே குருவிமலையில் இருந்தான். யேசுரத்தினத்தின் காம்பரா லயத்தின் நடுவில், ஆறாவது. பின்சுவருக்கும் மலைக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம்தான். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தான். படத்தில் கண்டதைவிட வெடிப்பு வளர்ந்திருந்தது.

"போன கிழம ஒரு கோழி உள்ள போயிருச்சு தம்பி," என்றார் யேசுரத்தினம். "மலைக்கு அந்தப் பக்கம் பெரகலயில வெளிய வந்துச்சுன்னு சொல்றாங்க. நான் பாக்கல்ல."

ஷாஹ்மி அவர் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை.

மூன்றேகாலுக்கு மலையுச்சி காணாமல் போனது. மூன்றரைக்கு எதிர்மேட்டுப் பாடசாலை காணாமல் போனது. காம்பராவுக்குள் ஷாஹ்மி பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆப் போட்டிருந்த தன் போனை முழங்கால் மீது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெபமலர் தன் மகள் ஜெயந்தினிக்குப் பேசிய கலியாணம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள வீட்டுக்காரங்க வந்தாங்க தம்பி, வந்து, பொண்ணு ரொட்டி சுடுவாளான்னு கேட்டாங்க..."

முதல் இடி விழுந்தது. கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கியது.

ஜெபமலர் பேச்சை நிறுத்தவில்லை. எழும்பினாள். "...நான் சொன்னேன், ஏன், ஒங்க மகனுக்குக் கையில்லியான்னு..." என்று சொல்லிக்கொண்டே சுவர்க் கண்ணாடியைத் துவாயால் மூடினாள். டீவியின் பிளக்கைப் பிடுங்கினாள். வாசலில் கிடந்த கவ்வாத்துக் கத்தியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "...அதோட போனவங்கதான், இன்னும் பதில் இல்ல..." என்று தன் போனை எடுத்து, பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். போன் ஒரு சின்ன மெட்டுப் பாடிவிட்டுச் செத்தது. அதைச் சீலைத் துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். திரும்பி, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, ஷாஹ்மியின் முழங்காலிலிருந்த போனையும் எடுத்து அணைத்து அரிசிக்குள் போட்டாள்.

ஷாஹ்மி வாயைத் திறந்தான். சத்தம் வருவதற்குள் வேறொரு சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பராவில் ஒரு மெட்டு. அதற்கப்பால் ஒன்று. அதற்கும் அப்பால் ஒன்று. லயத்தின் மெல்லிய சுவர்கள் வழியாக, போன்கள் ஒவ்வொன்றாக விடைபெறும் மெட்டுக்கள் இரண்டு பக்கமும் ஓடி, கடைசிக் காம்பராவில் போய் முடிந்தன. பிறகு மழை மட்டும்.

"அக்கா," என்றான். "இடி இடிச்சா எப்பவும் இப்படித்தானா?"

"பின்ன? இடிக்குள்ள போன தொறந்து வெச்சிக்கிட்டு இருக்க நாங்க என்ன பைத்தியமா?"

"ஏன் எனக்கு இதச் செல்லல்ல? மணி ஏன் வரல்லன்னு எத்தன தடவ வந்து கேட்டேன்!"

"போன்ல என்ன கோளாறுன்னு கேட்டீங்க. போன்ல ஒரு கோளாறும் இல்லியே. மழை விட்டுத் தொறந்ததும் நல்லாத்தானே அலறுது!"

ஷாஹ்மிக்குக் கோபம் வரப் பார்த்தது. வந்த கோபம் பாதி வழியில் நின்றது. பதிவேட்டை அவன் ஒருநாளும் மழை நேரத்தில் பார்த்ததில்லை. மறுநாள் காலையில்தான் பார்ப்பான். ஏனென்றால் முதல் இடிக்கே தன் கடையிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கையிலிருக்கும் போனையும் அணைத்துவிட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவன் அவன்தான்.

அரை மணி நேரம் மழை ஊற்றிய பிறகுதான் மற்றது உறைத்தது. வெளியே பெட்டி நனைந்துகொண்டிருக்கிறது. இந்நேரம் அது சொல்லியிருக்கும். சேர்வர் அனுப்பியிருக்கும். பன்னிரண்டும் அரிசிக்குள்ளே கிடக்கின்றன.

பின்சுவருக்கு அப்பால் ஓடுகிற தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. கூரையில் மழைக்கு நடுவே டொக், டொக் என்று ஏதோ விழுந்தது. கதவிடுக்கால் வந்த தண்ணீர் தெளிவாக வரவில்லை. மண் கரைந்து கோப்பி நிறத்தில் வந்தது.

ஷாஹ்மி அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்தான்.

"தம்பி! வேணாம்!" ஜெபமலர் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்கும் பயந்தான் அக்கா. விடுங்க."

"பெரகல சந்தியில ஒருத்தன் இப்படித்தான்," என்றார் யேசுரத்தினம் மூலையிலிருந்து, மிகவும் நிதானமாக. "மழையில போன் பேசிக்கிட்டு நின்னான். இடி இந்தக் காதால போயி, போனுக்குள்ளால போயி, அந்தப் பக்கம் வெலிமடையில பேசிக்கிட்டிருந்த கெழங்கு முதலாளிக்கிட்ட வெளிய வந்துச்சு. முதலாளிக்கு ஒண்ணுமில்ல. நாப்பது மூட்ட உருளக்கெழங்கு, நின்ன நெலையில அவிஞ்சிருச்சு."

ஷாஹ்மி அதை முழுக்க நம்பினான். நம்பிக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினான்.

போன் விழிக்க ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவன் கலிமாவை ஏழு தரம் சொன்னான், ஜெபமலர் பரமண்டல ஜெபத்தைப் பாதி வரை சொன்னாள். பிறகு ஆட்டுக்குட்டி அலறியது. திரையில்: இதுவரை நாற்பத்தொரு மில்லிமீற்றர். எச்சரிக்கை, பத்தொன்பது நிமிடங்களுக்கு முன் அனுப்பியது.

பத்தொன்பது நிமிடங்கள்.

"எவண்டா அது! இடிக்குள்ள போன போட்டவன்!"

ஏழாம் காம்பராவின் கதவு அடித்துத் திறந்தது. ஐந்தாவது திறந்தது. லயம் முழுக்கக் கதவுகள் திறந்து, எல்லாரும் முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். "எங்களையும் சேத்துக் கொல்லப் பாக்குறியா?" "அணையுடா அத!" ஒருவர் மம்பட்டிப் பிடியோடு வந்தார். மூன்றாம் காம்பராவிலிருந்து, நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவரும் தன் பங்குக்குத் திட்ட வேண்டும் என்றாராம்.

ஷாஹ்மி ஓடினான். எல்லாரையும் காப்பாற்றத்தான் ஓடினான் என்று பிற்பாடு பண்டாரவளையில் ஒரு கதை உலாவியது. அவன் மம்பட்டிப் பிடிக்குப் பயந்து ஓடினான். அந்த மலையில் அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், ஆப்புக்குள் அவன் கையாலேயே சிவப்புக் கோடாக வரைந்த பாடசாலை வழி. அதிலே ஓடினான். அலறுகிற போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால். அதை அணைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, லயம் முழுக்கப் பின்னால். கடைசியில் யேசுரத்தினம், ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் தலையை நீட்டி, "தொரத்துங்க, தொரத்துங்க, விடாதீங்க!" என்று மிச்சமிருந்தவர்களையும் கிளப்பிக்கொண்டு வந்தார்.

பாடசாலைப் படியில் ஷாஹ்மியைப் பிடித்துவிட்டார்கள். மம்பட்டிப் பிடி ஓங்கியது. அதே நேரம் பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. லொறியிலிருந்து ஈர மண்ணைக் கொட்டுகிற சத்தம். ஆனால் லொறி கொட்டி முடிக்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை, காம்பராக்களின் பின்பாதி இல்லை. ஆறாம் காம்பரா இருந்த இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து அடுப்புப் புகை மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது. அரிசி டின் எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது.

யேசுரத்தினம் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல, காம்பரா காம்பராவாகப் பெயர் சொல்லி எண்ணினார். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது, அது அவருடைய காம்பராவின் முறை. "நாப்பத்தேழு. ஒருத்தரும் கொறையல்ல."

ஜெபமலர் தன் முந்தானையால் ஷாஹ்மியின் தலையைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள், "இப்பவாச்சும் அத அணைங்க தம்பி. இடி இன்னும் விடல்ல."

"ஏலாது அக்கா. பெட்டி இன்னும் பேசிக்கிட்டு ஈக்குது. எழுபத்தஞ்சத் தாண்டினா இந்தப் பாடசாலையிலயும் நிக்க ஏலாது, தார் ரோட்டுக்குப் போகணும். தொறந்த போன் இது ஒண்டுதான்."

நாற்பத்தேழு பேரும் மலையைப் பார்த்தார்கள். போனைப் பார்த்தார்கள். எது பெரிய பயம் என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மம்பட்டிப் பிடிக்காரர் தீர்ப்புச் சொன்னார். "சரி ஷாஹ்மி நானா, தொறந்து வெச்சிக்கங்க. ஆனா எங்க பக்கத்துல நிக்கப்படாது. அந்தா, கக்கூசு ஓரமாப் போயி நில்லுங்க."

பண்டாரவளையிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி, போனைப் பிடித்துக்கொண்டு, முப்பதடி தள்ளித் தனியாகப் போய், பாடசாலைக் கக்கூசின் தகரத்துக்குக் கீழ் நின்றான். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. இணையக் கடைக்கு என்ன எழுதுவது என்று யோசித்து மனதை மாற்றப் பார்த்தான். சாவி சரி, சேர்வர் சரி, அவசரமும் சரி. இடி இடிக்குமுன்பே, மேகம் கறுக்கும்போதே அனுப்பும்படி மாற்ற வேண்டும், பாடசாலையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணியையும் மாட்ட வேண்டும், போன் அணைந்திருப்பது பிழை அல்ல, இங்கே அதுதான் வழக்கம். இதை எந்த மொழியில் எழுதினாலும் அவர்களுக்கு விளங்காது என்று தோன்றியது. ஐம்பத்தெட்டு.

சேற்றில் காலடி கேட்டது. யேசுரத்தினம் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன் அண்ணன் இங்க வந்தீங்க? அங்க போங்க, இடி விழும்."

"அதுக்குத்தான் வந்தேன். ஒங்களுக்கு விழுந்துட்டா, அத யாரு வாசிக்கிறது?" அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி. என் மூக்குக் கண்ணாடி மண்ணுக்குள்ள போயிருச்சு."

ஷாஹ்மி எழுத்தைப் பெரிதாக்கினான். அறுபத்தொன்று. வானம் வெளுத்தது. இடி விழுந்தபோது இருவரும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால் அறுபத்துமூன்று. அடுத்த இடியிலிருந்து முறை வைத்து மூடிக்கொள்வது என்று பேசி முடிவெடுத்தார்கள்.